அத்தியாயம் 7: எக்ஸ்டெண்டட் வாரண்டி – எப்போது வாங்கலாம், எப்போது விடலாம்?

புதுக் கார் வாங்கப் போனால், ஷோரூமில் தரும் கொட்டேஷனைக் கடைசி வரி வரை படியுங்கள். எக்ஸ் ஷோரூம் விலை, இன்ஷூரன்ஸ், வாழ்நாள் வரி, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் என்று இறங்கிவரும் பட்டியலில், ஃபுளோர் மேட்டும் மட்ஃபிளாப்பும் சேர்ந்த 'கிட்'டுக்குப் பக்கத்தில் 'இ.டபிள்யூ.' என்று ஒரு வரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு லட்சம் போகிற பில்லில் பதினைந்தோ இருபதோ ஆயிரம் கண்ணை உறுத்தாது. 'எல்லாரும் போடுறாங்க சார், டென்ஷன் இருக்காது' என்று சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் சொல்வார். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள்.

அந்த வரிதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. அது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் அடித்துவிட்டு வேறு கொட்டேஷன் கேட்கலாம். கடனில் கார் எடுத்தால் இந்தத் தொகையும் கடனோடு சேர்ந்துவிடும். 20,000 ரூபாயை 9% வட்டியில் 5 ஆண்டுத் தவணையாகக் கட்டினால், கையைவிட்டுப் போவது சுமார் 24,900 ரூபாய். அதே நேரம், இந்த வாரண்டி வேலை செய்யத் தொடங்குவது பெரும்பாலும் நான்காம் ஆண்டில்தான். மூன்று ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு பாதுகாப்புக்கு இன்றே வட்டி கட்டத் தொடங்குகிறீர்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி ஏமாற்று வேலை அல்ல. சில கார்களுக்கு அது புத்திசாலித்தனம், பல கார்களுக்கு வீண்செலவு. உங்கள் கார் எந்தப் பக்கம் என்பதைச் சாவி வாங்கும் நாளில் அவசரமாக முடிவுசெய்ய வேண்டியதில்லை என்பதே இந்த அத்தியாயம் சொல்லப்போவது.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

முதலில் காரோடு இலவசமாக வரும் வாரண்டியைப் பாருங்கள். இதை ஸ்டாண்டர்டு வாரண்டி என்பார்கள். மாருதி சுசூகி பல ஆண்டுகளாக 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்று தந்துவந்தது. 2024 ஜூலையில் அதை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று உயர்த்தியது. டொயோட்டாவும் 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டர் தருகிறது. ஹோண்டா கார்களுக்கு 3 ஆண்டு, கிலோமீட்டருக்கு வரம்பு இல்லை. மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு இது மாறும் என்பதால், உங்கள் காரோடு வரும் வாரண்டி புத்தகம் சொல்வதே இறுதி.

ஸ்டாண்டர்டு வாரண்டி 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாக உயர்ந்தது ஏன் முக்கியம்? 'நான் வாங்கினேன், ரெண்டரை வருஷத்துல ஏசி போச்சு, வாரண்டி காப்பாத்துச்சு' என்று நண்பர் ஒருவர் சொல்வார். அவர் கார் 2 ஆண்டு வாரண்டிக் காலத்தில் வாங்கியது. இன்று அதே பழுது ஸ்டாண்டர்டு வாரண்டிக்குள்ளேயே சரியாகிவிடும். எக்ஸ்டெண்டட் வாரண்டி இப்போது பாதுகாப்பது 4, 5, 6-ஆம் ஆண்டுகளை. பழைய அனுபவத்தை அப்படியே உங்கள் காருக்குப் பொருத்த முடியாது.

'ஆண்டு அல்லது கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது' என்ற வரியையும் கவனியுங்கள். மாருதியின் 5 ஆண்டுத் திட்டம் 1,40,000 கிலோமீட்டர் வரை, 6 ஆண்டுத் திட்டம் 1,60,000 கிலோமீட்டர் வரை. கோயம்புத்தூரிலிருந்து மில் மில்லாக ஏறி இறங்கும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 1,00,000 கிலோமீட்டர் ஸ்டாண்டர்டு வாரண்டி சுமார் 2 ஆண்டு 10 மாதத்தில் தீர்ந்துவிடும். 5 ஆண்டுத் திட்டம் வாங்கினால் அதற்கு மேல் கிடைப்பது 40,000 கிலோமீட்டர். அதாவது, 14 மாதம்கூட இல்லை. '2 ஆண்டு கூடுதல்' என்று விற்கப்படுவது அவருக்கு ஓராண்டுச் சொச்சம்தான். இவரைப் போன்றவர்கள் ஆண்டை மறந்துவிட்டு, கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று கணக்குப் போட வேண்டும்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

வாரண்டி என்பது தயாரிப்புக் குறையால் ஒரு பாகம் பழுதானால் அதைச் சரிசெய்து தரும் உறுதி. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் மோட்டார், ஏசி கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், டர்போ போன்றவை பொதுவாக இதில் வரும். திரையும் மியூசிக் சிஸ்டமும் சில திட்டங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை.

தேய்மானத்தால் போகும் பொருள் எதுவும் வராது. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில், பெல்ட், ரப்பர் புஷ் எல்லாம் உங்கள் செலவு. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி தனி. ஐந்தாவது ஆண்டில் சர்வீஸ் பில்லைப் பெரிதாக்குவது பெரும்பாலும் இந்தத் தேய்மானப் பட்டியல்தான். 'வாரண்டி இருக்கு, செலவே வராது' என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து வரும் கேட்டுக்கும் வாரண்டி கிடையாது. நம் ஊரில் அடிக்கடி வரும் சிக்கல் இரண்டு. ஒன்று, எலி. வாரக்கணக்கில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் எலி புகுந்து வயரிங்கைக் கடித்துவிட்டால், வாரண்டியில் கேட்க முடியாது. இன்ஷூரன்ஸில்தான் கேட்க வேண்டும், அதுவும் உங்கள் பாலிசியில் அதற்கு இடம் இருந்தால். இரண்டு, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், எக்ஸ்டெண்டட் வாரண்டி உதவாது. சாதாரண முழுக் காப்பீடுகூட பெரும்பாலும் உதவாது. 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பு இருந்தால்தான் உண்டு. பள்ளிக்கரணையிலோ வேளச்சேரியிலோ தாழ்வான தெருவில் கார் நிறுத்துபவருக்குக் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், எக்ஸ்டெண்டட் வாரண்டியைவிட அந்தக் கூடுதல் காப்பு முதலில் வர வேண்டும்.

மூன்றாவதாக, நீங்களே செய்துகொள்ளும் கேடு. வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஒட்டிய ஹாரன், விளக்கு, மியூசிக் சிஸ்டம், பின்னால் பொருத்திய சிஎன்ஜி கிட், நிறுவனம் சொல்லாத ஆயில் ஆகியவற்றால் பழுது வந்தது என்று காட்ட முடிந்தால் அந்தப் பாகத்துக்கு வாரண்டி போய்விடும். எந்தப் பெட்ரோல் போடலாம் என்பதை ஓனர்ஸ் மேனுவல் சொல்லும். 'இ20' பெட்ரோல் பற்றி அதில் தெளிவில்லை என்றால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

கணக்கு: ஒரு வகுத்தல் போதும்

எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலைக்குள் பழுதுச் செலவு மட்டும் இல்லை. டீலருக்குக் கமிஷன் இருக்கிறது, நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது, மேலே 18% ஜிஎஸ்டி இருக்கிறது. அதனால் வாங்கும் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், கட்டிய பணத்தைவிடத் திரும்பி வருவது குறைவாகத்தான் இருக்கும். அமெரிக்க நுகர்வோர் இதழான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 2013-இல் தன் சந்தாதாரர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், கார்களுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியவர்களில் 55% பேர் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா? சராசரியில் நஷ்டம் என்றாலும், தாங்க முடியாத ஒரு பெரிய அடியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளப் பணம் கொடுப்பது தவறல்ல. தாங்கக்கூடிய சின்ன அடிக்கும் அப்படிக் கொடுப்பதுதான் தவறு. உங்கள் காருக்கு எது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வாரண்டியின் விலையை, வரக்கூடிய பெரிய பழுதின் செலவால் வகுங்கள்.

கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கார் நிறுவனத்தின் தொகைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கார்: தஞ்சாவூரில் ஒரு வங்கி ஊழியரின் சின்ன பெட்ரோல் கார், கையால் மாற்றும் கியர், டர்போ இல்லை, ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர். 4, 5-ஆம் ஆண்டுகளுக்கான வாரண்டி 12,000 ரூபாய். நியாயமாகப் பயப்படக்கூடிய பழுது ஏசி கம்ப்ரசர், செலவு 30,000 என்று வைப்போம். 12,000-ஐ 30,000-ஆல் வகுத்தால் 40%. இந்த வாரண்டி லாபமாக வேண்டும் என்றால், இப்படிப்பட்ட பத்துக் கார்களில் நான்குக்கு அந்த இரண்டு ஆண்டுக்குள் இவ்வளவு பெரிய பழுது வர வேண்டும். 35,000 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாத எளிய காரில் அப்படி நடப்பது அபூர்வம். வந்தாலும் 30,000 ரூபாய் அவரை நிலைகுலைய வைக்காது. அந்த 12,000-ஐ வங்கியில் போட்டு 'கார் பணம்' என்று ஒதுக்கி வைக்கலாம்.

இரண்டாவது கார்: சென்னை ஓஎம்ஆர் நெரிசலில் தினமும் ஊர்ந்துபோகும் டர்போ பெட்ரோல் எஸ்யூவி, இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது டிசிடி கியர்பாக்ஸ். வாரண்டி 30,000 ரூபாய். கியர்பாக்ஸையே மாற்ற நேர்ந்தால் 2,00,000 என்று வைப்போம். வகுத்தால் 15%. இதிலும் சராசரியில் லாபம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால், ஒரே நாளில் இரண்டு லட்ச ரூபாயை எடுத்து வைக்க எத்தனை வீடுகளால் முடியும்? முடியாது என்றால் வாங்குங்கள். கியர்பாக்ஸ் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும் அனுபவம் ஏற்கெனவே இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இந்தத் தொகைகளை எங்கே கேட்பது? சேல்ஸ் பக்கம் கேட்காதீர்கள். அதே ஷோரூமின் சர்வீஸ் பக்கம் போய், உதிரிபாகக் கவுன்டரில் உங்கள் மாடலுக்கு ஐந்து பாகங்களின் விலை கேளுங்கள்: ஏசி கம்ப்ரசர், ஸ்டீயரிங் மோட்டார், எஞ்சின் கம்ப்யூட்டர், டர்போ, கியர்பாக்ஸ் அல்லது அதன் ஆக்சுவேட்டர். மாற்றுவதற்கான கூலியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து எண்கள் கையில் இருந்தால் சேல்ஸ்காரர் சொல்வதை எடைபோட முடியும்.

வாங்கலாம், விடலாம்

வாங்குவதில் நியாயம் உள்ளவர்கள்:

• டிசிடி, சிவிடி போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, சன்ரூஃப், பெரிய திரை, ரேடார், கேமரா என்று சிக்கலான பாகங்கள் நிறைந்த கார் வைத்திருப்பவர்கள்.
• பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்கள். இன்ஜெக்டர், டர்போ, புகை வடிகட்டும் டிபிஎஃப், அதன் சென்சார்கள் எல்லாம் விலை கூடியவை. (டிபிஎஃப் அடைப்பு பராமரிப்பு சம்பந்தப்பட்டது என்று திட்டத்தில் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.)
• புதிதாகச் சந்தைக்கு வந்த மாடலை முதல் ஆண்டிலேயே எடுத்தவர்கள். அதன் பலவீனம் என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது.
• காரை ஆறேழு ஆண்டு வைத்திருக்கத் தீர்மானித்தவர்கள், பெரிய செலவுக்குச் சேமிப்பு இல்லாதவர்கள்.

விட்டுவிடலாம்:

• பல ஆண்டாகச் சந்தையில் இருக்கும், எளிய எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் உள்ள சின்னக் கார்.
• மூன்று நான்கு ஆண்டில் விற்றுவிடுவோம் என்று தெரிந்தவர்கள்.
• ஸ்டாண்டர்டு வாரண்டி முடிந்ததும் நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் போய்விடுபவர்கள்.

காரை வாடகைக்கு ஓட்டுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கான வாரண்டி விதிகள் வேறு. சொந்த உபயோகம் என்று பதிவான வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டால், அதையே காரணம் காட்டி கிளெய்மை மறுக்கலாம்.

எப்போது வாங்குவது?

கார் எடுக்கும் நாளில் வாங்கினால் விலை குறைவு, தள்ளிப்போட்டால் கூடும் என்பார்கள். அது உண்மைதான். பல நிறுவனங்களில் கார் வாங்கி எத்தனை மாதமாயிற்று என்பதைப் பொறுத்து விலை படிப்படியாக ஏறும். ஆனால் எவ்வளவு ஏறும் என்று கேட்டுப் பாருங்கள். இன்று 18,000, இரண்டரை ஆண்டு கழித்து 23,000 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய 18,000-ஐ 7% வட்டியில் டெபாசிட் போட்டால், இரண்டரை ஆண்டில் சுமார் 21,300 ஆகியிருக்கும். காத்திருந்ததற்கு நீங்கள் கொடுக்கும் விலை 1,700 ரூபாய்தான்.

அந்த 1,700-க்கு என்ன கிடைக்கிறது? ஆண்டுக்கு உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். காரில் சின்னச் சின்னப் பழுதுகள் தலைகாட்டுகின்றனவா என்று தெரிந்துவிடும். அதே மாடலை உங்களுக்கு முன்பே வாங்கியவர்கள் எந்தப் பாகத்தைப் பற்றிப் புலம்புகிறார்கள் என்றும் தெரிந்துவிடும். பணிமாற்றம் வந்து காரை விற்க நேரிடுமா என்பதுகூட அதற்குள் ஓரளவு புலப்படும். இவை எதுவும் தெரியாமல் ஷோரூம் மேசையில் எடுக்கும் முடிவைவிட, இவ்வளவும் தெரிந்து எடுக்கும் முடிவு மேலானது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் வரை வாங்க அனுமதி என்று முதல் நாளே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டர்டு வாரண்டி முடிந்தபின் விற்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் காரைச் சோதித்த பிறகே தருவார்கள், விலையும் அதிகம். இரண்டு, போனில் நினைவூட்டல் வையுங்கள். ஸ்டாண்டர்டு வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்கும்போது மணி அடிக்கட்டும். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர் தேதியை நம்பாமல் ஓடோமீட்டரைப் பார்த்து வைக்க வேண்டும்.

அந்தக் கடைசி மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய வேலை இன்னொன்று உண்டு. காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், கியர் மாறும்போது வரும் அதிர்வு, ஸ்டீயரிங்கில் சத்தம், ஏசியில் குறைந்த குளிர் என்று சந்தேகம் உள்ள எல்லாவற்றையும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாரண்டிக்குள் பதிவான புகார், வாரண்டி முடிந்தபின் பெரிதானாலும், 'அப்போதே சொன்னேன்' என்பதற்கு ஆதாரமாக இருக்கும்.

பின்னால் யார் நிற்கிறார்கள்?

எக்ஸ்டெண்டட் வாரண்டி மூன்று இடத்திலிருந்து வரும். கார் நிறுவனமே தருவது முதல் வகை. நாட்டில் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும், கையிலிருந்து பணம் கட்டத் தேவையில்லை. வாங்குவதென்றால் இதையே வாங்குங்கள். இரண்டாவது, டீலர் தன் பெயரில் தருவது. அந்த டீலரின் கடையில் மட்டுமே செல்லலாம். டீலர் ஏஜென்சியை விட்டுப்போனால் காகிதமும் போச்சு. மூன்றாவது, தனி நிறுவனங்கள் தருவது. பழைய கார் விற்கும் கடைகளில் இவைதான் அதிகம். ஒரு பழுதுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று உச்சவரம்பு இருக்கும். முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டியிருக்கலாம்.

இதில் குழப்பம் வருவது எளிது. நிறுவனத்தின் சின்னத்தை அச்சிட்ட உறையில் டீலரின் சொந்தக் காகிதத்தை வைத்துக் கொடுத்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. எனவே, பணம் கட்டிய ஒரு வாரத்துக்குள் நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ உங்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, வாரண்டி எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது என்று சரிபாருங்கள். பதிவாகவில்லை என்றால் அன்றே டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனமே போய்விட்டால்? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகரிலும் குஜராத்தின் சனந்திலும் இருந்த ஆலைகளை நம்பி கார் வாங்கியவர்களின் கவலையைப் போக்க, சர்வீஸ், உதிரிபாகம், வாரண்டி எல்லாம் தொடரும் என்று அது சொல்ல வேண்டியிருந்தது. கார் நிறுவனம் வெளியேறினாலும் பொறுப்பு எளிதில் மறைந்துவிடாது, ஆனால் சர்வீஸ் சென்டர்கள் குறையும், பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு சர்வீஸ் சென்டர்கூட இல்லாத நிறுவனம் என்றால், ஐந்தாறு ஆண்டு வாரண்டிக்கு முன்கூட்டிப் பணம் கட்டத் தயங்குவது நல்லது.

விலைப்பட்டியலில் தெரியாத செலவு

எக்ஸ்டெண்டட் வாரண்டி செல்ல வேண்டுமானால், நான்காம் ஐந்தாம் ஆண்டிலும் மேனுவலில் சொன்ன இடைவெளியில் கம்பெனி சர்வீஸ் தவறாமல் நடந்திருக்க வேண்டும். வெளி மெக்கானிக்கிடம் 4,000 ரூபாயில் முடியும் சர்வீஸ் கம்பெனியில் 7,000 ஆகிறது என்றால், ஆண்டுக்கு 3,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 6,000 ரூபாய். அப்படியானால், மேலே பார்த்த முதல் காரின் வாரண்டி விலை உண்மையில் 12,000 இல்லை, 18,000. மேலே செய்த வகுத்தலை இந்த எண்ணை வைத்து மீண்டும் ஒரு முறை செய்து பாருங்கள்.

குறைவாக ஓட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இடைவெளி இருந்தால், 'வண்டி மூவாயிரம்தான் ஓடியிருக்கு, எதுக்கு சர்வீஸ்?' என்று விட்டுவிடுவார்கள். கியர்பாக்ஸ் பழுதாகி கிளெய்முக்குப் போகும்போது சர்வீஸ் அட்வைசர் கணினியில் முதலில் திறந்து பார்ப்பது உங்கள் சர்வீஸ் வரலாற்றைத்தான். ஓராண்டுக்கு ஒரு பதிவு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், பேச்சு அங்கேயே முடியும்.

மறுபக்கம், சர்வீஸுக்குப் போனால் இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் டிகார்பனைசிங், அண்டர்பாடி கோட்டிங் என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். 'இதைச் செய்தால்தான் வாரண்டி' என்று சொன்னால், மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அட்டவணையில் இல்லாத எதற்கும் வாரண்டிக்கும் சம்பந்தம் இல்லை.

வெளியில் ஒரு வேலை பார்த்தாலே வாரண்டி முழுதும் போய்விடுமா? இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தந்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று சொன்னது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. வாதாட அது ஒரு பிடி. ஆனால், கியர்பாக்ஸ் பழுதோடு நிற்கும் நாளில் வாதாட்டத்தை நம்பி இருக்க வேண்டாம். சர்வீஸ் பில்களை வைத்திருங்கள்.

மின்சாரக் கார், பைக், பழைய கார்

மின்சாரக் கார்களுக்கு பேட்டரி வாரண்டி தனியாக, நீண்ட காலத்துக்கு வரும். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலான அளவு. அது பேட்டரிக்கு மட்டும். காருக்குள் இருக்கும் சார்ஜர், மோட்டார், கட்டுப்பாட்டு மின்னணுப் பாகங்கள், திரை எல்லாம் அந்த 8 ஆண்டுக்குள் வருகின்றனவா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வராதவற்றுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி யோசிக்கத் தக்கது. பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண்ணும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் பைக், ஸ்கூட்டருக்கு வாரண்டி விலை குறைவு, பழுதுச் செலவும் குறைவு. வகுத்தல் கணக்கை அப்படியே செய்து பாருங்கள். மின்சார ஸ்கூட்டரில் பேட்டரிதான் வண்டி விலையில் பெரும்பங்கு என்பதால், அதை நீட்டிக்கும் திட்டம் சில ஆயிரத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் வாங்கலாம். ஏத்தர் 2025-இல் தந்த திட்டம் ஒன்று, 8 ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை பேட்டரி திறன் 70%-க்குக் கீழே போகாது என்று உறுதி தருகிறது. மற்ற நிறுவனங்களின் திட்டங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு, மீதமிருக்கும் நிறுவன வாரண்டி நல்ல சொத்து. ஆனால் ஆர்சி பெயர் மாறினால் வாரண்டியும் தானாக மாறிவிடும் என்று எண்ணாதீர்கள். நிறுவனத்தில் தனியாகத் தெரிவித்து மாற்ற வேண்டும். சில இடங்களில் கட்டணமும் கால வரம்பும் உண்டு.

கிளெய்மை மறுத்தால்

வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். எந்தப் பாகம், என்ன காரணம், வாரண்டி புத்தகத்தின் எந்த விதி என்று ஜாப் கார்டிலோ மெயிலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். பழுதான பாகத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டீலரைத் தாண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்புங்கள். வாரண்டி முடிந்து சில வாரமே ஆகியிருந்தால், 'குட்வில்' அடிப்படையில் செலவைப் பகிர்ந்துகொள்ளக் கேட்கலாம். சர்வீஸ் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு அது கிடைப்பதுண்டு. உங்கள் மாடலுக்கு அந்தப் பாகத்தில் 'ரீகால்' அறிவிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரீகால் என்றால் வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம்.

அதற்கும் பதில் இல்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்

1. வாரண்டி யார் பெயரில்? கார் நிறுவனமா, டீலரா, மூன்றாம் நிறுவனமா?
2. எந்தத் தேதியில், எந்தக் கிலோமீட்டரில் தொடங்கி எதில் முடிகிறது?
3. விலக்கப்பட்ட பாகங்களின் முழுப் பட்டியல் எங்கே?
4. கிளெய்முக்கு உச்சவரம்பு உண்டா? கூலியும் ஆயிலும் சேர்ந்ததா?
5. இன்று வாங்காவிட்டால் கடைசி நாள் எது, அன்றைய விலை என்ன?
6. காரை விற்றால் புது உரிமையாளருக்கு மாறுமா?
7. வாரண்டி தொடங்கும் முன்பே கார் திருடுபோனாலோ விபத்தில் முழுச் சேதமானாலோ பணம் திரும்புமா?

ஏழுக்கும் எழுத்தில் பதில் தரும் ஷோரூமில், வகுத்தல் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருந்தால் வாங்குங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை வராது சார்' என்பது மட்டுமே பதிலாக வந்தால், கொட்டேஷனில் அந்த வரியை அடித்துவிட்டு காரை மட்டும் எடுத்து வாருங்கள். முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது.